வீட்ல பேசாத ஒரு மணி நேரம்

முப்பது வருஷம் ஓடும் பேருந்தில் தொண்டை கிழியக் கத்தியவரிடம் போய் நர்ஸ் சொன்னாள்: "ஊசி போட்டாச்சுங்க ஐயா. மருந்து உடம்புல பரவ ஒரு மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் அசையாம படுத்திருங்க. முக்கியமா, வாயே திறக்கக்கூடாது."

கண்டக்டருக்குச் சிரிப்பு வந்தது. ஓய்வு பெற்று ஏழு வருஷம் ஆகியும் அவருக்கு அதுதான் பெயர். "தனியாத்தானேம்மா இருக்கேன். யார்கிட்ட பேசப் போறேன்?" என்றார்.

கழுத்தில் வந்த புற்றுநோய்க் கட்டியைக் கரைத்து ஆறு மாதமாகிறது. அது திரும்பியிருக்கிறதா என்று பார்க்கத்தான் இந்த ஸ்கேன். கதிரியக்க மருந்து எங்கே போய்க் குவிகிறதோ, அந்த இடம் படத்தில் விளக்குப் போட்ட மாதிரி தெரியும்.

தெரிந்தது. இரண்டு நாள் கழித்து டாக்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். குரல்வளையில் மஞ்சளாக ஒரு வெளிச்சம்.

"ஊசி போட்டப்புறம் பேசினீங்களா? பேசினா அந்தத் தசை மருந்தை இழுத்துக்கும். பேசலைன்னா, கொஞ்சம் சதையை எடுத்துச் சோதிச்சுப் பார்க்கணும்."

"இல்ல சார். அந்த அறையில ஈ காக்கா கூட இல்லையே."

ஓரமாக நின்ற நர்ஸ் தயங்கினாள். "கேமராவுல பார்த்தேன் டாக்டர். ஐயா வாய் ஓயவே இல்ல. பிரார்த்தனை பண்றாருன்னு நெனச்சு விட்டுட்டேன்."

கண்டக்டர் தலையைக் குனிந்துகொண்டார். மனைவி போய் மூன்று வருஷம். சாவி எங்கே என்பதிலிருந்து ஊர்வம்பு வரை எல்லாம் இன்னமும் அவளிடம்தான் சொல்வார். அதைப் பேச்சென்று அவர் கணக்கிலேயே சேர்த்ததில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"யார்கூட பேசினீங்க?"

"எங்க வீட்லதான் சார்."

டாக்டர் கோப்பைப் புரட்டினார். மனைவி என்ற இடத்தில் 'காலமானார்' என்று எழுதியிருந்தது. மேற்கொண்டு துருவவில்லை. "அடுத்த வாரம் கழுத்தை மட்டும் இன்னொரு தடவை எடுத்துடலாம். அன்னைக்கு ஒரு மணி நேரம், வீட்ல பேசாம இருங்க."

அதே அறை, அதே படுக்கை. கண்டக்டர் வாயை மூடிக்கொண்டு விட்டத்தைப் பார்த்தார். ஏசி விறைக்க வைத்தது. குளிருதுடி என்று சொல்ல நாக்கு நமநமத்தது. சொல்லவில்லை. பத்து நிமிஷம் போயிற்று. அவர் பேசாதபோது அறையில் யாருமே பேசவில்லை. மூன்று வருஷமாக மூச்சுவிடாமல் பேசிக்கொண்டே இருந்ததில் இது அவருக்குத் தெரியாமலே போயிருந்தது. கண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. அசையக்கூடாது என்பதால் துடைக்கவும் முடியவில்லை.

இந்தத் தடவை குரல்வளையில் வெளிச்சமே இல்லை. "நோய் திரும்பல, நிம்மதியா போங்க" என்று டாக்டர் கைகுலுக்கினார்.

வீட்டைத் திறந்து, செருப்பைக் கழற்றினார்.

"ஒண்ணும் இல்லையாம்டி" என்றார்.

வழக்கமாக உடனே அடுத்த பேச்சுக்குத் தாவிவிடுவார். அன்றைக்கு, அவள் பதில் சொல்லட்டும் என்று வாசலிலேயே நின்றார்.