வீட்டு இழைகள்

கட்டுப்பாட்டறையின் பெரிய திரையில் ஆம்புலன்ஸ்களைக் காட்டும் பச்சைப் புள்ளிகள் மறுபடியும் அசைவற்று நின்றன. தலையில் ஹெட்போன் மாட்டியிருந்த பெண் விரல் நுனியால் திரையைத் தட்டினாள். தட்டினால் நகரும் என்று அவளே நம்பவில்லை. கண்ணாடிச் சுவருக்கு இப்பால் நின்ற நூல்காரிக்கு அந்தத் தட்டு தன் மண்டையில் விழுந்ததுபோல் இருந்தது.

நூல்காரி என்பது அலுவலகம் சூட்டிய பெயர். வரும் அழைப்புக்கு ஓர் இழை என, எண்ணற்ற இழைகளை ஒரே சர்வர் நிரலுக்குள் ஓடவிட்டவள் அவள். ப்ராசஸர் என்ற ஒரே மைக்கைப் பகிர்ந்துகொள்ளும் பேச்சாளர்களைப் போன்றவை அந்த இழைகள். பேசி முடித்தாலும், எதற்காவது காத்திருக்க நேர்ந்தாலும், மைக்கைத் தாமாகவே கொடுத்துவிட வேண்டும், பிடுங்குவார் எவருமில்லை. அடுத்தது யார் என்று சொல்வது அவள் எழுதிய ஷெட்யூலர்.

"ப்ராசஸர் சும்மா இருக்குன்னு ப்ரொஃபைலர் சொல்லுது," என்றார் மேலாளர். "அழைப்பெல்லாம் காத்துக் கிடக்கு. அப்ப தூங்கறது யாரு? உங்க ஷெட்யூலர்தானே? சாயங்காலத்துக்குள்ள காரணம் தெரியலைன்னா பழைய சர்வருக்கே போயிடலாம்."

பழைய சர்வரில், அழைப்புகள் குவியும் கூட்ட நேரத்தில் 'லைன் பிஸி' என்ற பதில்தான் கிடைக்கும். ஆம்புலன்ஸைக் கூப்பிடுபவர் எவரும் பொழுதுபோகாமல் கூப்பிடுவதில்லை.

சர்வரைப் பராமரிப்பவள் நூல்காரியின் நாத்தனார். மேசையும் பக்கத்து மேசை. எந்த அழைப்பாவது தாமதமானால் அதை சர்வரின் வன்வட்டில் எழுதிவைக்கும் ‘பதிவான்’ என்ற நிரல் அவளுடைய படைப்பு.

"என் பதிவான் பொய் சொல்லாது அண்ணி. நீங்க எழுதினதுதான் தூங்குது."

"உன் அண்ணன் தூங்கினா குறட்டை சத்தத்துலயே தெரிஞ்சிடும். இது சத்தமே காணோமே, எப்படி நம்பறது?"

நாத்தனார் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

ப்ராசஸர் செய்த வேலையை மட்டுமே ப்ரொஃபைலர் என்ற அளவுக் கருவி கணக்கெடுக்கிறது. மைக்கைப் பிடித்துக்கொண்டு வாய் திறவாமல் நிற்பவர் அதன் கண்ணில் படுவதில்லை. ஆகவே கடிகாரத்தை வைத்து அளப்பதென்று நூல்காரி முடிவுசெய்தாள். அழைப்பு இழை ஒவ்வொன்றும் எப்போது மைக்கை வாங்கியது, எப்போது விட்டது என்பதைத் திரையில் பட்டைகளாக வரையச் செய்தாள்.

புள்ளிகள் அடுத்த முறை நின்றபோது திரையில் குட்டிக் குட்டிப் பட்டைகள் வந்தன. பிறகு நீண்டதொரு வெறுமை. மைக் எவரிடமும் இல்லை என்றது திரை.

மேலாளர் எட்டிப் பார்த்தார். "வெறும் வெள்ளை. இதுக்கு மேலயும் சாட்சி வேணுமா?"

"வேணும் சார்," என்றாள் அவள். குரல் உயரவில்லை, நாற்காலியும் நகரவில்லை.

தன் படைப்பு என்பதற்காகச் சலுகை காட்டுவதில்லை என்று, ஷெட்யூலரின் நுழைவிலும் வெளியேற்றத்திலும் நேரத்தைக் குறிக்கும் அளவுக்குறி வைத்தாள். வெறுமை மீண்டும் வந்தது. ஆனால் அதற்குச் சற்று முன்பு ஷெட்யூலர் யாருக்கோ மைக்கைக் கொடுத்திருந்தது. வாங்கியவருக்குப் பெயரில்லை.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நினைவகத்தைத் துப்புரவு செய்வது, தாமதங்களை எழுதுவது போன்ற வீட்டு வேலைகளுக்கென்று தனி இழைகள் இருந்தன. வீட்டு ஆட்களை வாசலில் நிறுத்திச் சோதனை போடுவதா என்ற நினைப்பில் அவற்றுக்கு அவள் அளவுக்குறி வைக்கவே இல்லை. இப்போது ஒன்று விடாமல் வைத்தாள்.

அடுத்த வெறுமை வெறுமையாக வரவில்லை. நீளமான சிவப்புப் பட்டையாக வந்தது. அதன்மேல் பதிவானின் பெயர் இருந்தது.

நாத்தனார் தன் நிரலைத் திறந்து பார்த்தாள். "வட்டுல ஏறிடுச்சான்னு உறுதி பண்ணிட்டுத்தான் திரும்பணும்னு நான்தான் எழுதினேன். ஒரு வரிகூட தொலையக் கூடாதேன்னு."

"வட்டு மெதுவா எழுதும். அதுவரைக்கும் மைக் இதோட கையில. மத்ததெல்லாம் காத்திருக்கும். காத்திருந்தது அத்தனையும் உன் பதிவான் எழுத வேண்டிய புதுத் தாமதம்."

"தாமதம்னு எழுதப் போய்த்தான் தாமதமே ஆச்சா!"

"வேலியே பயிரை மேஞ்சிருக்கு," என்ற மேலாளர், சற்று முன் சொன்னதை மறந்தவர்போல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சாயங்கால அழைப்புக் கூட்டம் இனிமேதான். அதுக்குள்ள சரியாகுமா?"

"நகருங்க அண்ணி. நான் எழுதினது, நானே திருத்தறேன்." வட்டில் எழுதும் பொறுப்பை இழைகளின் கூட்டத்திலிருந்து பிரித்துத் மைக்குக்குக் காத்திராமல் தனியே ஓடும் ஒரு த்ரெட்டிடம் நாத்தனார் ஒப்படைத்தாள். நூல்காரி விசைப்பலகையைத் தொடவில்லை. ஒவ்வொரு வரியையும் படித்தாள், ஓரிடத்தில் மட்டும் விரலால் சுட்டினாள்.

கூட்ட நேரம் வந்தது. பச்சைப் புள்ளிகள் தெருத்தெருவாக ஊர்ந்தன. ஹெட்போன் பெண் திரையைத் தட்டவில்லை. யாருக்கோ வழி சொல்லிக்கொண்டிருந்தாள். பழைய சர்வரைப் பற்றி மேலாளர் பேச்செடுக்கவில்லை.

"அப்ப இந்த அளவுக்குறியெல்லாம் எடுத்துடலாமா?" என்றாள் நாத்தனார்.

"இருக்கட்டும். வீட்டு ஆளுக்கும் சேர்த்து."

நாத்தனார் திரைக்கு அருகே குனிந்தாள். "இப்ப இருக்கறதுல நீளமான பட்டை யாரோடது?"

"ஷெட்யூலரோடது. நான் எழுதினது," என்ற நூல்காரி, நாற்காலியை மேசையருகே இழுத்துக்கொண்டாள்.