காட்டுல ஏதுங்க மரம்

"எங்கப்பா பேரை லிஸ்ட்டுல இருந்து அடிச்சிருங்க."

பஸ் ஏறியதிலிருந்தே ஐயாக்கண்ணு மகளிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். வேறு என்ன வேண்டுமானாலும் கேள், அதை மட்டும் கேட்காதே. ஒரு தடவை பேரை அடிக்கச் சொன்னவனுக்கு அப்புறம் எந்த ஆபீசிலும் பேர் ஏறாது என்பது மாரமங்கலத்தில் எழுதாத சட்டம். மிளகுக் கன்று வராது, மருந்தடிக்கிற மெஷின் வராது, கேட்டால் முகம் கொடுக்கவும் மாட்டார்கள். சிவரஞ்சனி ஜன்னல் பக்கம் திரும்பி உம் கொட்டிக்கொண்டே வந்தாள். உட்கார்ந்ததும் அதைத்தான் கேட்டாள்.

ஐயாக்கண்ணு நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார். முன்னால் வைத்திருந்த டீயைத் தொடக்கூட பயமாக இருந்தது அவருக்கு.

மேசைக்கு அந்தப் பக்கம் ரொனால்ட். ஏற்காடு கடைவீதியில் ஒரு மாடியைப் பிடித்து 'பசுங்குடை' என்று போர்டு மாட்டியிருந்தார்கள். சொந்த நிலத்தில் மரம் வளர்க்கும் விவசாயிகளுக்கு உதவி செய்கிற அமைப்பு. அதற்கு இவர் மேலாளர். சென்னைக்காரர். மலைக்கு வந்த நாளாக ஸ்வெட்டரைக் கழற்றியதில்லை. ஏரியைச் சுற்றி நடந்ததைத் தவிர வேறெங்கும் நடந்ததுமில்லை.

"உதவி வேணாம்னு சொல்ற முதல் ஆள் நீங்கதாம்மா. என்ன பிரச்சினை?"

"எங்க சோலைக்குள்ள செவப்புத்துணி கட்டிக் குச்சி நட்டிருக்கீங்க. திங்கக்கெழம மெஷின் வந்து புதரையெல்லாம் எடுக்கும்னு உங்க ஆளு சொல்லிட்டுப் போனாரு. அது புதர் இல்லீங்க. நாவல், அத்தி, கடுக்கா மரம். அதுக்குள்ள இருக்கற ஊத்துத் தண்ணியத்தான் எங்க ஊட்டுலயும் கீழ இருக்கற ஊடுகள்லயும் குடிக்கறோம்."

"சர்வேல உங்கப்பாவேதானே சொல்லியிருக்கார், காட்டுல மரமே இல்லைன்னு?"

கூத்தே அதுதான். போன மழைக்காலத்தில் சர்வேக்காரர் ஒருவர் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து, "ஐயா, உங்க காட்டுல மரம் இருக்கா?" என்று கேட்டிருக்கிறார். ஐயாக்கண்ணு பெருமையாக, "காட்டுல ஏதுங்க மரம்? எல்லாத்தையும் வேரோட பிடுங்கிப்போட்டுத்தானுங்க சாமை வெதைச்சிருக்குது" என்றிருக்கிறார்.

சேலத்துப் பக்கம் காடு என்றால் உழுது விதைக்கிற நிலம். காட்டுக்குப் போகிறேன் என்றால் களை எடுக்கப் போகிறேன் என்று அர்த்தம், தவம் செய்ய அல்ல. மரம் நிற்கிற இடத்துக்கு மலையில் சோலை என்று பேர். சோலையைப் பற்றி வந்தவர் கேட்கவில்லை, கேட்காததற்குப் பதில் சொல்லும் வழக்கம் ஐயாக்கண்ணுவுக்கு இல்லை. ஊரே அதே பதிலைத்தான் சொன்னது. சாமைக்கு நடுவில் மரத்தை விட்டு வைக்கிறவனை ஊர் சோம்பேறி என்றல்லவா சொல்லும்.

மாரமங்கலத்தில் காடு அடியோடு அழிந்துவிட்டது என்று வழவழத் தாளில் அறிக்கை வந்தது. மேலிருந்து எடுத்த படத்தில் சோலை பச்சைப்பசேல் என்றுதான் தெரிந்தது. ஆனால் மரமில்லை என்று சொந்தக்காரரே சொல்லிவிட்டாரே? ஆகவே அது புதர். புதரை வழித்துவிட்டு அங்கே சில்வர் ஓக் கன்று நட்டுக் காட்டை மீட்கப் போகிறார்கள். கண்ணைக் குத்திவிட்டுக் கண்ணாடி வாங்கித் தருகிற தர்மப் பிரபுக்கள்.

சிவரஞ்சனி இதை விளக்கியபோது ரொனால்ட் வயிறு குலுங்கச் சிரித்தார். "காடுன்னா வயலா? சூப்பர். இதைப் பத்தி ஒரு பதிவே போடலாம்."

"சிரிச்சு முடிச்சிட்டீங்கன்னா மாத்தி எழுதுங்க. சோலை நிக்கறபடியே நிக்கட்டும். ஊத்துக்குக் கீழ கரை சரியுது, அதுக்குக் கல்லு கட்ட உதவி பண்ணுங்க."

"நிக்கிற மரத்துக்கு எதுக்கும்மா உதவி? அதான் நிக்குதே. நட்டாத்தான் உதவி."

"அப்ப வெட்டிப் போட்டவனுக்கு உதவி. காப்பாத்துனவன் கேனையன்."

"கண்ணு, மெதுவாப் பேசு," என்றார் ஐயாக்கண்ணு.

ரொனால்ட் குரலில் தேன் தடவிக்கொண்டார். "என்ன படிச்சிருக்கீங்க?"

"பி.எஸ்சி. தாவரவியல்."

"எங்க ஊட்டுல மொதல் டிகிரிங்க," என்று அப்பா இடையில் விழுந்தார். "எஸ்டேட்டுல காப்பி பறிக்கப் போய்ட்டிருக்குதுங்க."

"அடடா. இந்த மாதிரி ஆளைத்தான் தேடிட்டிருக்கோம். மக்கள்கிட்ட அவங்க பேச்சுலயே எடுத்துச் சொல்லணும். திங்கக்கிழமையே சேர்ந்துடுங்க. அடுத்த வாரம் நன்கொடையாளர்கள் வர்றாங்க, முதல் கன்னு உங்க நிலத்துலதான். நீங்க பக்கத்துல நின்னா படம் நல்லா இருக்கும்."

ஐயாக்கண்ணுவின் முகம் விளக்கேற்றியது போல ஆயிற்று. இவளுக்காக எத்தனை எஸ்டேட் ரைட்டர், எத்தனை மேஸ்திரி முன்னால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றிருப்பார். "சாமி, ஐயா நொம்ப நல்லதுதான் சொல்றாங்க," என்றார் மகளிடம். கெஞ்சல் போலத்தான் இருந்தது. அதுதான் அவளைச் சுட்டது. இந்த ஆள் வேலை கொடுக்கவில்லை, வாயை அடைக்க வாழைப்பழம் கொடுக்கிறார். அப்பாவுக்கு அது புரியாமலில்லை. புரிந்தும் ஆசைப்படும்படி வைத்திருக்கிறார்களே.

"திங்கக்கெழம மெஷினுக்கு முன்னால நடந்து போய், ஊத்துல தண்ணி மொள்ற எங்கம்மாகிட்டத் தள்ளிக்கம்மான்னு சொல்லணும். அதுதானுங்களே வேலை?"

"ஏம்மா எல்லாத்தையும் தப்பாவே பார்க்கறீங்க?"

"பேரை அடிங்க."

"அடிக்க வழியே இல்லம்மா. சேர்க்கத்தான் வழி இருக்கு. ஆள் இறந்துட்டா மட்டும்தான் எடுப்போம்."

"அப்பச் செத்துட்டாருன்னு எழுதிக்கங்க."

ஐயாக்கண்ணு மகளைப் பார்த்தார், ரொனால்டைப் பார்த்தார். டம்ளரைக் கையில் எடுத்தார். "அதுக்கு முன்னால இந்த டீயக் குடிச்சுக்கறேனுங்க."

சிவரஞ்சனிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு எழுந்தாள். "ஏனுங்க, ஒண்ணு தெரிஞ்சுக்கங்க. சோலைக்கு மெஷின் போகணும்னா எங்க காட்டு வழியாத்தான் போகணும். நீங்க சொல்ற காடு இல்லீங்க, நாங்க சொல்ற காடு. சாமை கதிர் விட்டு நிக்குது. மிதிக்க விடமாட்டோம்."

"குச்சி நட்டாச்சும்மா. இனிமே..."

"பஸ் ஏறறதுக்கு முன்னாலயே எல்லாத்தையும் பிடுங்கிட்டேன். அவரைக்கு நட்டுக் கொடி ஏத்தி விட்டிருக்குது. நல்ல குச்சிங்க, அதுக்கு மட்டும் நன்றி."

அப்பா மிச்ச டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கீழே மாரமங்கலம் பஸ் ஹாரன் அடித்தது. படியில் இறங்கத் தொடங்கினாள்.