படம் அசைந்த இடம்

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்பது ஆய்வகத்தில் எல்லோருக்கும் தெரியும். எலக்ட்ரான் நுண்ணோக்கி இருக்கும் அறை என் பொறுப்பு. கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தால் உள்ளே கருவி படம் எடுத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அப்போது யாராவது கதவைத் தட்டினால் வாங்கிக் கட்டிக்கொண்டுதான் போவார்கள்.

காரணமில்லாமல் நான் கத்துவதில்லை. அன்று உள்ளே இருந்தது இரும்புத் தாதுவின் ஒரு துகள். அதில் வனேடியம் என்ற உலோகம் துளியூண்டு கலந்திருக்கிறது. அது எந்த ஓரத்தில் ஒளிந்திருக்கிறது என்று ஆராய்ச்சி மாணவி ஒருத்திக்குப் படம் வேண்டும். கருவி மேலிருந்து கீழாக ஒவ்வொரு கோடாக வரையும், அரை நாள் பிடிக்கும். உட்கார்ந்து பார்த்தால் பைத்தியம்தான் பிடிக்கும், முடிந்த பிறகுதான் நான் திரைப்பக்கம் திரும்புவேன். இடையில் காரிடாரில் யாராவது தடதடவென்று நடந்தால் தரை அதிர்ந்து, அந்த நேரத்துக் கோடுகள் கோணிக்கொள்ளும். கதவு தடிமன் என்பதால் சத்தம் உள்ளே வராது, அதிர்வு மட்டும் வந்துவிடும். கைபேசியும் வெளியே அலமாரியில்தான் இருக்க வேண்டும். அதுவும் என் சட்டம்.

அன்றைக்கு இந்த வேலையை நானாகவே இழுத்துப் போட்டுக்கொண்டேன். வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை. மகள் வேலை கிடைத்து அன்று வெளிநாட்டுக்கு விமானம் ஏறுகிறாள். அவள் அம்மா போனபின் அந்த வீட்டில் நாங்கள் இரண்டே பேர்.

"போறேன்ப்பா" என்று அவள் சொன்ன நாளிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். "எல்லாத்தையும் முடிவு பண்ணிட்டு எங்கிட்ட எதுக்குச் சொல்ற?" என்றேன். பிறகு பேச்சே இல்லை. காலையில் அவள் பெட்டியை மூடிக்கொண்டிருந்தபோது நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். வேண்டுமானால் வந்து சொல்லிவிட்டுப் போகட்டும் என்று வீராப்பு. வருவாள் என்றுதான் உள்ளூர நம்பிக்கொண்டிருந்தேன்.

படம் முடிந்ததும் பார்த்தேன். நடுவில் நாசம். சீப்பை வைத்து அழுத்தியதுபோல் ஒரே இடைவெளியில் சின்னச் சின்னப் பற்கள். அதற்குக் கீழே கொஞ்சம் நல்ல படம், அதற்கும் கீழே மறுபடி அதே பல்வரிசை. ஆள் நடந்தால் இப்படி வராது. தரைக்கல் இடுக்குகளில் சக்கரம் ஏறி இறங்கியிருக்கிறது.

வெளியே பாய்ந்தேன். காவலாளி நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"எவன்யா இங்க வண்டி தள்ளுனது? அரை நாள் வேலை போச்சு!"

"வண்டி இல்ல சார், பெட்டி. உங்க பொண்ணு வந்துச்சு."

"என்னைக் கூப்பிட வேண்டியதுதானே?"

"கதவைத் தட்டட்டுமான்னு கேட்டேன் சார். வேணாம், விளக்கு எரியுது, அப்பா திட்டுவாருன்னு சொல்லிடுச்சு. எப்ப அணையும்னு பாத்துக்கிட்டே நின்னுச்சு. அப்புறம் நேரமாச்சுன்னு கிளம்பிடுச்சு."

அலமாரியைத் திறந்து கைபேசியில் அவளை அழைத்தேன். அணைந்திருந்தது. விமானம் ஏறியிருப்பாள். நாளைக்கு இறங்கியதும் பேசலாம்தான். ஆனால் கதவுவரை வந்து நின்ற பிள்ளையை இனி எப்படிப் பார்ப்பது?

உள்ளே வந்து, அவள் வந்ததும் போனதும் பதிந்த இரண்டு பல்வரிசைக்கும் நடுவில் இருந்த இடத்தைப் பெரிதாக்கினேன். வனேடியம் துகளின் ஓரத்தில் மெல்லிய இழையாகத் தெரிந்தது. படம் முழுவதிலும் அவ்வளவு தெளிவான இடம் வேறு இல்லை. அந்த நேரம் முழுக்க அவள் கால்கூட மாற்றாமல் நின்றிருக்கிறாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மாணவிக்குக் கெடாத படம் கொடுத்தாக வேண்டும். முதல் கோட்டிலிருந்து மறுபடி ஓடவிட்டேன். சிவப்பு விளக்கைப் போடவில்லை. கதவையும் அகலத் திறந்து வைத்துவிட்டுத் திரை முன்னால் உட்கார்ந்தேன். யாராவது வந்தால் தேவலை என்றிருந்தது. எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள், காரிடாரில் ஈ காக்கை இல்லை. ஒரு கோடுகூட அசையாமல் படம் வந்துகொண்டே இருந்தது.