புட்டிங்கும் இரண்டு பள்ளங்களும்

ஞாயிற்றுக்கிழமை மதியம் புட்டிங் சாப்பிட்டதும் அந்த வீட்டில் எல்லோரும் நாற்காலியிலிருந்து ஒரு முழம் மேலே எழும்புவார்கள். கால் மணி நேரம் போல அந்தரத்தில் இருந்துவிட்டு, ஏப்பம் விட்டு, இறங்கிவிடுவார்கள். கடைக்குட்டித் தம்பி ஆசைப்பட்டு இரண்டாவது துண்டு சாப்பிட்டால் அவன் தலை கூரையில் இடிக்கும். மாடியில் குடியிருந்த தையல்காரர் அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் மதியத் தூக்கத்திலிருந்து எழுவார். அக்கம்பக்கத்தில் இதை யாரும் பெரிதாகப் பேசியதில்லை. ஒரு வீட்டில் குழாய் ஒழுகும், ஒரு வீட்டில் மாமியாரும் மருமகளும் பேசிக்கொள்ள மாட்டார்கள், இந்த வீட்டில் மிதப்பார்கள்.

சர்க்கரையைப் பொன்னிறம் தாண்டிக் கருகும் விளிம்பு வரை காய்ச்சி அச்சில் ஊற்றி, அதன்மேல் பாலும் முட்டையும் வெண்ணெயும் அடித்துச் சேர்த்து, ஆவியில் வேகவைக்கும் சாதாரணப் புட்டிங்தான். அம்மா இருந்தவரை அம்மா செய்தாள். அவள் போனபின் பெரிய மகள் செய்தாள். செய்கிறவள்தான் சமையலறை வாசலில் நின்று பரிமாறுவாள். மற்றவர்கள் இறங்கியபிறகு, மிச்சத்தை வழித்துத் தனியாகச் சாப்பிடுவாள். அப்போது அவள் எழும்பியதே இல்லை. ஆறிப்போனால் தூக்காது என்று அவளே ஒரு விதி எழுதி, அதற்கு அவளே தலையாட்டியும் வைத்திருந்தாள். அவள் நிற்கும் இடத்தில் தரையில் பாதம் அளவுக்கு இரண்டு பள்ளங்கள் விழுந்திருந்தன. துடைத்தால் தண்ணீர் தேங்கும். கொத்தனார் ஏமாற்றிவிட்டான் என்று அப்பா இருபது வருடமாகத் திட்டிக்கொண்டிருந்தார்.

அப்பா ஓய்வு பெற்ற லிஃப்ட் ஆய்வாளர். ஓய்வு பெற்றது உத்தியோகத்திலிருந்து மட்டும்தான், ஆய்விலிருந்து அல்ல. வீட்டுக்கு வரும் விருந்தாளி காப்பியைக் குடித்து முடிப்பதற்குள், "லிஃப்ட் மேல போகுதுன்னா பின்னாடி ஒரு இரும்புப் பாரம் கீழ இறங்குதுன்னு அர்த்தம். ஜனங்க பட்டனை அமுக்கத் தெரிஞ்சா போதும்னு நினைக்கிறாங்க" என்று பாடம் நடத்திவிடுவார். ஞாயிறு மிதப்புக்கு மட்டும் அவரிடம் வேறு விளக்கம் இருந்தது: "நம்ம ரத்தம் அப்படி."

அந்த ரத்தத்தைச் சோதனைக்கு எடுத்துப் பார்த்த டாக்டர், அதில் பரம்பரைப் பெருமை எதையும் காணாமல், சர்க்கரையை மட்டும் கண்டார். கால் பெருவிரலில் ஒரு புண் ஆறாமல் கிடந்தது. "ஐயா, சர்க்கரையை விடறீங்களா, விரலை விடறீங்களா?" என்று கேட்டார். அடுத்த ஞாயிறு அப்பா கீழே உட்கார்ந்து, மற்றவர்களின் உள்ளங்கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கடுத்த ஞாயிறு அவரும் உயரத்தில் இருந்தார். மேசை விரிப்பைத் தூக்கிப் பார்த்தால், கவிழ்த்த வாளியின்மேல் நின்றுகொண்டிருந்தார். அதற்கும் அடுத்த வாரம் அவர் தலையணைக்கு அடியில் மிட்டாய்த் தாள்களைப் பெரிய மகள் கண்டெடுத்தாள். அன்றே அவளுக்குப் புரிந்துவிட்டது: இந்த மனிதரைச் சர்க்கரை இல்லாமல் தூக்கியாக வேண்டும், இல்லாவிட்டால் விரலில் தொடங்கி ஒவ்வொன்றாகப் போகும்.

அவள் புருஷன், அந்த வீட்டு மாப்பிள்ளை, மண்டபம் மண்டபமாகப் போய் மிதமான உணவைப் பற்றிப் பேசுகிறவர். மிதத்தைப் பற்றி அவ்வளவு பேசியும் அது அவர் உடம்புக்கு எட்டவில்லை. அவர் உட்கார்ந்தால் நாற்காலி முதலில் ஒரு வார்த்தை சொல்லும். சர்க்கரையோடு பாலையும் வெண்ணெயையும் சேர்த்து அவர் தடை செய்தார். "பால்ங்கறது கன்னுக்குட்டிக்கானது" என்றார். "முட்டை மட்டும் யாருக்கானதாம்?" என்று அவள் கேட்டதும், போனால் போகிறது என்று முட்டையை விட்டுவைத்தார்.

அவள் மாதக்கணக்கில் முயன்றாள். சர்க்கரைக்குப் பதிலாகச் சொட்டு மருந்துபோல ஒன்றை விட்டபோது எல்லோரும் இடப்பக்கம் மட்டும் எழும்பி, சாய்ந்த படகுபோல உட்கார்ந்திருந்தார்கள். ஓட்ஸ் பாலில் செய்தபோது தம்பியின் செருப்பு மட்டும் மிதந்தது. கடைசியில் மஞ்சள் பூசணியைக் கொஞ்சமாகச் சுட்டு மசித்து, பாதாம் பாலும் முட்டையும் பட்டைத்தூளும் சேர்த்து வேகவைத்தாள். டாக்டரும் சிறு துண்டு சாப்பிடலாம் என்றார். அந்த வருடம் பூசணி விலையும் மலிவு. அப்பா கண்ணை மூடிச் சுவைத்தார். பிறகு குனிந்து நாற்காலிக்கும் தனக்கும் நடுவே விரலை விட்டுப் பார்த்தார். விரல் நுழையவில்லை.

"ருசி இருக்கும்மா. தூக்கல" என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு மிட்டாய்க்கடைப் பக்கம் நடந்தார். ஒரு காலை நொண்டி நொண்டி.

அடுத்த ஞாயிறு மாப்பிள்ளை வயிற்றுக்கு ஓய்வு கொடுப்பதாக அறிவித்தார். முந்தின நாள் கல்யாண விருந்தில் அதற்கு ஓவர்டைம் கொடுத்திருந்தார். அவளுக்கோ ஆவி பட்டு மணிக்கட்டு வெந்திருந்தது. "சும்மாதானே இருக்கீங்க. இன்னைக்கு நீங்க நின்னு போடுங்க" என்று கரண்டியைக் கையில் திணித்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள். அம்மா போனபின் அந்த மேசையில் அவள் சூடான புட்டிங்கைச் சாப்பிட்டது அதுவே முதல்முறை.

மூன்றாவது வாய்க்கே எல்லோரும் எழும்பினார்கள். ஒரு முழம் இல்லை, ஒன்றரை முழம். அப்பா, தம்பி, அவள், மூன்று பேரும் நேராக, குலுங்காமல்.

"இந்தாம்மா, என்ன இது? கால் தரைக்குள்ள போகுது!" என்று வாசலில் மாப்பிள்ளை அலறினார்.

"அசையாதீங்க அத்தான்! நாங்க மேல இருக்கோம்!" என்றான் தம்பி.

அப்பா அந்தரத்திலிருந்து, மாப்பிள்ளையின் காலைப் பார்த்தார். அதன் பக்கத்திலேயே இருந்த பழைய பள்ளங்கள் இரண்டையும் பார்த்தார். ஒல்லியான இரண்டு பாதங்கள். மனைவி நின்ற இடம், பிறகு மகள் நின்ற இடம். சர்க்கரை இருந்த காலத்தில் அந்த எடையே போதுமானதாக இருந்திருக்கிறது.

"ஊர்ல இருக்கற அத்தனை லிஃப்ட்டுக்கும் பின்னாடி எட்டிப் பாத்தவன்டா நான்..." என்று ஆரம்பித்தவர், வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வாக்கியத்தை முடிக்காமல் விட்டார்.

மகள் அதைக் கவனிக்கவில்லை. "ஐயய்யோ, அலமாரி மேல இவ்வளவு தூசியா!" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதன்பிறகு வாசலில் நிற்பது ஆண்கள் மூவருக்கும் முறைவைத்து நடக்கிறது. மாப்பிள்ளை முறையில் எல்லோரும் உயரமாகப் போவதால் அவருக்குக் கிராக்கி அதிகம். இதையும் அவர் மண்டபங்களில் தியாகம் என்ற தலைப்பில் பேசுகிறார். அப்பாவின் விரல் அவரிடமே இருக்கிறது. தன் முறை வரும்போது அவர் மறுபேச்சில்லாமல் கரண்டியை வாங்கிக்கொண்டு நிற்கிறார், இறங்குகிறார், மகள் மேலே போவதை அண்ணாந்து பார்த்து, "கேபிள் சரியா இருக்கு" என்கிறார். கொத்தனாரைத் திட்டுவதை நிறுத்திவிட்டார். வாசலில் இப்போது நான்கு அளவில் பள்ளங்கள். துடைத்தபின் தேங்கும் தண்ணீரைப் பக்கத்து வீட்டுப் பூனை வந்து குடிக்கும். ஆழமானது என்பதால் மாப்பிள்ளையின் பள்ளம்தான் அதற்குப் பிடித்தம்.