தலைக்கு அறுபத்தெட்டு கிலோ

அந்தப் பதினொரு மாடிக் குடியிருப்பில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டு இருபதுக்கு எல்லோருடைய தலையும் எடை கூடியது. அதை முதலில் கண்டுபிடித்தவர் டாக்டர் அல்ல, லிஃப்ட் மெக்கானிக். எட்டுப் பேர் ஏறக்கூடிய லிஃப்ட், நான்காவது ஆள் கால் வைத்ததுமே கீச்சென்று கத்திக்கொண்டு கதவைத் திறந்தபடி நின்றுவிட்டது. ஒன்பதாம் மாடியில் அக்காவோடு குடியிருந்த அந்த மெக்கானிக் பெண், பாரம் பார்க்கும் சென்சார்தான் கெட்டுவிட்டது என்று அடித்துச் சொன்னாள். மாற்றினாள். மறுபடியும் மாற்றினாள். மூன்றாவதும் கத்தியதும் அதை நாலு வார்த்தை திட்டிவிட்டு, மூட்டை நிறுக்கும் மேடைத் தராசு ஒன்றை இரவல் வாங்கி வந்து கீழ்த்தளத்தில் போட்டாள்.

வங்கி குமாஸ்தா ஏறி நின்றார். அறுபத்தாறு கிலோ. பையிலிருந்து போனை எடுத்துக் குனிந்தார். நூற்று முப்பத்தெட்டு. நிமிர்ந்தார். மறுபடி அறுபத்தாறு. மெக்கானிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சாயங்காலத்துக்குள் நாற்பது பேரை நிறுத்துவிட்டாள். கழுத்து எவ்வளவு மடங்குகிறதோ அவ்வளவு எடை. மோவாய் நெஞ்சைத் தொட்டால் ஒரு ஆள் இரண்டு ஆள். சும்மா சொல்லக்கூடாது, அறிகுறிகள் ஆறேழு வருடமாகவே கண்ணெதிரில் இருந்தன. சட்டைக் காலர் பின்பக்கம் மட்டும் நைந்தது. பிடரியில் எலுமிச்சை அளவுக்கு ஒரு மேடு எழும்பியது. விரல் மரத்துப்போய், பாட்டில் மூடியைத் திருக ஆள் தேட வேண்டியிருந்தது. திறந்த பிறகும் அண்ணாந்து குடிக்க முடியவில்லை. பெயின்ட் வியாபாரி தன் மனைவியைச் செருப்பை வைத்துத்தான் அடையாளம் கண்டார். அவள் புதுச் செருப்பு மாற்றிய வாரம், யாரோ ஒரு பெண்மணியோடு மார்க்கெட் வரை போய்விட்டுத் திரும்பினார்.

கண்டுபிடித்த சந்தோஷத்தில் மெக்கானிக் ஒரு காரியம் செய்தாள். லிஃப்டுக்குள், யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள் என்பதால் முழங்கால் உயரத்தில், ஒரு அறிவிப்பு ஒட்டினாள்: ‘குடியிருப்போரின் தலைக்கனம் காரணமாக லிஃப்ட் இயங்கவில்லை. தயவுசெய்து குறைத்துக்கொள்ளவும்.’ அவ்வளவுதான், கட்டடமே கொந்தளித்தது. சங்கச் செயலாளர் காகிதத்தைக் கிழித்துக் கையில் பிடித்தபடி ஒன்பதாம் மாடிக்குப் படியேறி வந்தார். “யாருக்கும்மா தலைக்கனம்? இருபது வருஷமா இந்தச் சங்கத்துக்கு ஓடா தேயுறேன், எனக்கா தலைக்கனம்?” தராசைக் காட்டுகிறேன் என்று அவள் கெஞ்சியது காதில் ஏறவில்லை. அன்றே புகார் போயிற்று. வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் வருவார், எட்டுப் பேரோடு லிஃப்ட் உச்சி மாடி வரை ஏற வேண்டும், ஏறாவிட்டால் சீல். புது லிஃப்ட் வர ஆறு மாதம்.

“எழுதத் தெரியுதாடி உனக்கு?” என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். “தலை கனமா இருக்குன்னு எழுதுனா ஆச்சு. சேத்து எழுதி மானத்தை வாங்கிட்டியே!”

அக்கா சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், ஆனால் தங்கைக்குச் சிரிப்பு வரவில்லை. அக்கா சக்கர நாற்காலியில் போய் வருபவள். எதிர்ச்சாரியில் இருக்கும் பேருந்து நிலையத்தின் அறிவிப்பாளர். பதினாறு வருடமாகக் காலை பத்து மணிக்கு மைக் முன்னால் உட்காராத வேலைநாள் கிடையாது. அந்தக் குரலைக் கேட்டால் பேருந்துகளே கிளம்பும் என்று ஓட்டுநர்கள் சொல்வார்கள். லிஃப்டுக்குச் சீல் வைத்தால் ஆறு மாதம் அவள் ஒன்பதாம் மாடியில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அதற்குள் அந்த மைக் முன்னால் வேறொருத்தி உட்கார்ந்துவிடுவாள். தன் தமிழால் அக்காவின் பிழைப்பில் மண் விழப்போகிறதே என்று அவளுக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஒன்பதே முக்காலுக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். “லிஃப்டுல என்ன போட்டிருக்கு, எட்டுப் பேர், தலைக்கு அறுபத்தெட்டு கிலோன்னுதானே? ஏறுங்க” என்றார். செயலாளர், குமாஸ்தா, பெயின்ட் வியாபாரியும் அவர் மனைவியும், கல்லூரிக்காரிகள் இருவர், மெக்கானிக் என்று ஏறினார்கள். கடைசியாக இன்ஸ்பெக்டர், போனில் விதிமுறையைப் படித்தபடியே ஏறினார். லிஃப்ட் அலறியது. “எல்லாரும் கொஞ்சம் நிமிருங்களேன், உங்க கால்ல விழறேன்” என்றாள் மெக்கானிக். செயலாளர் வீம்புக்குக் குனிந்தே நின்றார். மற்றவர்கள் நிஜமாகவே முயன்றார்கள், கழுத்து நிமிர்ந்த வேகத்திலேயே மறுபடி தொங்கிவிட்டது. இன்ஸ்பெக்டர் பையில் கையை விட்டு அரக்கை எடுத்தார்.

அப்போதுதான் லிஃப்ட் குழி வழியாக, ஒன்பதாம் மாடிக் கதவிடுக்கிலிருந்து அந்தக் குரல் இறங்கியது. “பயணிகளின் கனிவான கவனத்திற்கு!”

எட்டுத் தலைகளும் ஒரே நேரத்தில் சடக்கென்று நிமிர்ந்தன. ஒலிபெருக்கியைத் தேடிப் பழகிய கண்கள் கூரையைப் பார்த்தன. அலறல் நின்றது. கதவு மூடியது. லிஃப்ட் கிளம்பியது, ஐயோ, என்ன வேகம்! மெக்கானிக் காதைத் தீட்டிக் கேட்டாள்: மோட்டார் ஓடவே இல்லை. அண்ணாந்ததும் ஆள்பாரம் அடியோடு குறைந்துபோனதால், கயிற்றின் மறுமுனையில் தொங்கும் எதிரெடை தானாகவே இறங்கி அவர்களைத் தூக்கிக்கொண்டு போனது. பதினொன்றைத் தாண்டி, நிறுத்தமே இல்லாத மொட்டைமாடியில் போய் நின்று, கதவு வெயிலுக்குத் திறந்தது. கல்லூரிக்காரிகள் கூவினார்கள். குமாஸ்தா மேகத்தைப் பார்த்துவிட்டு யாருடையது என்று கேட்டார். பெயின்ட் வியாபாரி மனைவியின் முகத்தையே பார்த்தார்.

“நீ கண்ணாடி போட்டிருக்கியா?”

“ரெண்டு வருஷமா போட்டிருக்கேன். நல்லா இருக்கா?”

“ரொம்ப நல்லா இருக்கு” என்றார் அவர், கண்ணை எடுக்காமல்.

இன்ஸ்பெக்டர் அரக்கைப் பைக்குள் போட்டுவிட்டு, ‘எட்டுப் பேர், நிமிர்ந்த நிலையில், தேர்ச்சி’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். ஆனால் மணி ஒன்பது ஐம்பத்து மூன்று. அக்கா இன்னும் ஒன்பதாம் மாடியில்தான். பொத்தானை எவ்வளவு அழுத்தியும் மோட்டார் அசையவில்லை. இறங்க வேண்டுமானால் பாரம் வேண்டும், அதற்கு ஒரே வழிதான். மெக்கானிக் சொன்னதும் எல்லோரும் அளவாகக் குனிந்தார்கள். லிஃப்ட் மூன்று மாடி இறங்கி அக்காவின் எதிரில் திறந்தது. நாற்காலிக்கு இடம்விட்டு இன்ஸ்பெக்டரும் கல்லூரிக்காரிகளும் படியில் ஓடினார்கள். மீதி ஐந்து பேரும் சக்கர நாற்காலியைச் சுற்றி நின்றார்கள். யார் கையிலும் போன் இல்லை.

முதலில் குனிந்தது செயலாளர். “மன்னிச்சிரும்மா” என்று அவர் சொன்னது மெக்கானிக்குக் கேட்டதோ என்னவோ, லிஃப்டுக்குக் கேட்டது, நகர்ந்தது. மற்றவர்களும் குனிந்தார்கள். இத்தனை வருடமாகப் போனைத் தாண்டி யாரும் பார்த்திராத அக்காவின் முகத்தை, தங்கையைத் தவிர நாலு பேரும் அருகில் பார்த்தார்கள். “மெதுவா, மெதுவா” என்றாள் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. “இன்னும் குனிஞ்சா பூமிக்குள்ள போயிருவோம்.”

அன்று பத்து மணிப் பேருந்துகள் பத்து மணிக்குக் கிளம்பின.