கம்பளத்தில் இருந்த வழி

கம்பளம் சுத்தம் செய்யும் கம்பெனியில் அவளை எல்லோரும் நுரையக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயரைச் சொல்லி அழைத்தால் அவளே திரும்பிப் பார்க்கக் கொஞ்ச நேரமாகும். பதினாறு வருடமாக அதே வேலை. கை வைத்தால் கறை போயே ஆக வேண்டும் என்று ஒரு வீம்பு அவளுக்கு.

அந்த மூன்றாம் மாடி வீட்டு ஹாலில் சுவருக்குச் சுவர் கம்பளம். இருபது வருடமாகச் சோப்புத் தண்ணீரே காணாதது.

"அப்பா அத்தை வீட்டுக்குப் போயிருக்கார். சாயங்காலம் வர்றதுக்குள்ள முடிஞ்சிடுமாக்கா?" என்றாள் அந்த வீட்டு மகள். "அவருக்குக் கண்ணு தெரியாது. ஆனா மூக்கு எல்லாருக்கும் சேர்த்து வேலை செய்யும். இந்தப் பழைய வாடை போனா சந்தோஷப்படுவார்."

நுரையக்கா முதலில் தூசியை உறிஞ்சினாள். மருந்து தெளித்து ஊற வைத்தாள். பிறகு வெந்நீரைப் பாய்ச்சி மெஷினால் இழுத்தபோது, தொட்டியில் வந்து விழுந்த தண்ணீர் கடுங்காப்பி மாதிரி இருந்தது. எல்லாவற்றையும்விடப் பாடு படுத்தியது ஒரு தடம். வாசல் கதவிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து அடுப்படிக்கு, அங்கிருந்து குளியலறைக்கு என்று ஒன்றரை சாண் அகலத்தில் இழைகள் நசுங்கி, பாய் போலத் தட்டையாகிக் கிடந்தன. அதை மட்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல் பிரஷ் போட்டு நிமிர்த்தினாள். முடித்தபோது தடம் எங்கே இருந்தது என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. சாம்பல் நிறம் என்று நினைத்திருந்த கம்பளம் பச்சையாக இருந்தது.

மகள் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை வைத்துப் பார்த்துச் சிரித்தாள். ஈரம் காயும்வரை மரச்சாயம் ஒட்டாமலிருக்க, நாற்காலி சோபா கால்களுக்கடியில் தகடு வைத்துவிட்டு, காலையில் வந்து எடுப்பதாகச் சொல்லிப் போனாள் நுரையக்கா.

மறுநாள் பெல் அடித்து வெகு நேரம் கழித்துத்தான் கதவு திறந்தது. பெரியவர் சுவரைப் பிடித்தபடி நின்றிருந்தார். முழங்காலில் புதுசாக ஒரு சிராய்ப்பு.

"நீதானாம்மா துவைச்சது? தங்கமான வேலை. புதுத் துணி மேல நடக்கற மாதிரி இருக்கு. உட்காரு, பொண்ணு கடைக்குப் போயிருக்கா."

நுரையக்கா குனிந்து தகடுகளை எடுத்துக்கொண்டிருந்தபோது அடுப்படிப் பக்கம் போன் அடித்தது. பெரியவர் சுவரை விட்டு நாலு எட்டு வைத்தார். ஹால் நடுவில் நின்றுவிட்டார். வலது காலால் அங்கே ஒரு தடவல், இங்கே ஒரு தடவல். கையை நீட்டினார், பிடிக்க ஒன்றுமில்லை. போன் அடித்து ஓய்ந்தது. அவர் அங்கேயே நின்றார்.

நுரையக்கா தகடுகளைக் கீழே போட்டாள். ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள்.

"ஐயா, அந்தத் தேஞ்ச தடத்தை வச்சுத்தான் நடந்தீங்களா?"

"இருபத்தெட்டு வருஷம் பஸ் ஓட்டினவன்மா நான். ரோட்டையே சுருட்டி எடுத்துட்டா டிரைவர் என்ன பண்ணுவான்?" என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "பொண்ணுகிட்ட சொல்லிடாத. நேத்து நான் வந்ததும் அவ்வளவு குஷியா இருந்தா."

நுரையக்கா அவரை நாற்காலியில் உட்கார வைத்தாள். கீழே இறங்கி, வண்டியிலிருந்து நீளக் காம்பு பிரஷை எடுத்து வந்தாள். கம்பளத்தில் இன்னும் லேசான ஈரம் இருந்தது நல்லதாய்ப் போயிற்று. நாற்காலியிலிருந்து அடுப்படி வரை இழைகளை முன்பக்கமாகப் படிய வாரினாள். இரண்டு ஓரத்தையும் எதிர்ப்பக்கமாக வாரி நிமிர்த்தினாள்.

"இப்ப கால வையுங்க. வழியில வழுவழுன்னு இருக்கும். விலகினா சொரசொரன்னு குத்தும்."

பெரியவர் கால் வைத்தார். ஒரு எட்டு, இன்னொரு எட்டு. இடதுபுறம் விலகி, பாதத்தில் சொரசொரப்பு பட்டதும் உள்ளே வந்தார். அவர் முகத்தில் அப்போது வந்த தெளிவைப் பார்க்க மாட்டாமல் அவள் பிரஷைப் பார்த்தாள்.

"என்னக்கா, மறுபடியும் வேலையா?" பையோடு வாசலில் நின்றாள் மகள்.

"ஒரு மூலை சரியா காயலைன்னு..." என்று ஆரம்பித்தார் பெரியவர்.

மகள் அப்பாவின் காலைப் பார்த்தாள், பிரஷ் கிழித்த கோட்டைப் பார்த்தாள். பையை அப்படியே கீழே வைத்தாள்.

"அப்பா, இதனாலதான் நேத்து சுவரைப் பிடிச்சிட்டு நடந்தீங்களா? டம்ளரைக் கொட்டினீங்களா? உங்களுக்கு உடம்புக்கு ஏதோ வந்துடுச்சுன்னு நான் தூங்கவே இல்லப்பா. வெள்ளிக்கிழமைக்கு டாக்டர்கிட்ட நேரம்கூட வாங்கிட்டேன்."

"அட லூசு. என்னைக் கேட்கறதுக்கென்ன?"

"நீங்க சொல்றதுக்கென்ன?"

மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "கேட்காம இதைத் துவைச்சிருக்கக் கூடாது," என்றாள்.

"துவைச்சது நல்லதுதான். நாத்தம் எனக்கும் தெரியும். உன் மனசு கஷ்டப்படும்னுதான் சொல்லல."

நுரையக்கா மிச்சத் தடங்களையும் வாரினாள். "நாலஞ்சு நாள்ல இது கலைய ஆரம்பிக்கும். அதுக்குள்ள ரெண்டு பேரும் இதுலயே நடந்து அழுத்திடுங்க," என்றாள். அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டது. ஆனாலும் கிளம்ப மனம் வரவில்லை.

"ஏம்மா," என்றார் பெரியவர், கொஞ்சம் கூச்சத்தோடு. "இது எந்தப் பக்கம் வேணா போடலாமா?"

"எந்தப் பக்கம் வேணும்?"

"பால்கனிக்கு. கண்ணு போனதுல இருந்து தனியா அங்க போனதே இல்ல. கேட்டா இவ வேலையை விட்டுட்டு வந்து நிப்பாளேன்னு கேட்கறதில்ல."

மகள் நாற்காலியைச் சற்று நகர்த்தி வழி விட்டாள். நுரையக்கா மண்டி போட்டு, கையாலேயே ஓரங்களைத் தடவிச் சரி பார்த்து, பால்கனிக் கதவு வரை நேராக ஒரு கோடு வாரினாள்.

பெரியவர் யார் கையையும் பிடிக்காமல் போனார். கதவின் தாழ்ப்பாளைத் தேடித் திறந்தார். காற்று உள்ளே வந்தது. மகள் பின்னாலேயே ஓடவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, அவர் நடந்த கோட்டில் நிதானமாக, ஒவ்வொரு அடியையும் நன்றாக அழுத்தி வைத்து நடந்தாள்.