இரண்டிலிருந்து மூன்றுக்கு

மாடிப்படித் திருப்பத்தில் பெட்டி சிக்கிக்கொண்டது. தூக்கிய நால்வரும் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றபோது கீழேயிருந்து 'ஏழு' குரல் கொடுத்தார்.

"தலைப் பக்கத்தைத் தூக்கிக்கிட்டு, கால் பக்கத்தைச் சுவரோட ஒட்டித் திருப்புங்க. வந்துடும்."

"நீங்க தள்ளி நில்லுங்க சார்," என்றாள் மகள். "எங்கப்பாவை இறக்க எங்களுக்குத் தெரியும்."

தெரியவில்லை. அவர் சொன்னபடி திருப்பிய பிறகுதான் பெட்டி இறங்கியது. அது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஏழு என்பது அவர் பெயரல்ல. அப்பா வேலை பார்த்த கார் கம்பெனியில் கியர்பாக்ஸ் பிரிவுக்குத் தலைவர் அவர். அந்தப் பெயரை வைத்தது அப்பா.

தானாகவே கியர் மாற்றிக்கொள்ளும் கியர்பாக்ஸை உருவாக்குவதுதான் அப்பாவின் வேலை. கியர் மாறுவது வண்டியில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியவே கூடாது. தெரிந்தால் மார்க் குறையும். பத்துக்கு ஆறு வாங்காதது வாசலைத் தாண்டக் கூடாது என்பது விதி. அப்பா தொடைமேல் தளும்பத் தளும்பத் தண்ணீர் டம்ளரை வைத்துக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்துவிட்டு, நோட்டில் மார்க் போடுவார். கூட வந்தவரும் தன் மார்க்கை எழுதிப் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். வீட்டிலும் அதே புத்தி. அவள் ஒருவனைக் கூட்டி வந்து காட்டியபோது, அவன் படியிறங்கியதும், "ஆறு. விடலாம்," என்றார். இரண்டு வருடத்தில் அந்தக் கல்யாணம் முறிந்தபோது, "சூடானதுக்கப்புறம் பாத்திருக்கணும்," என்றார். அதற்காக ஒரு வருடம் அவரோடு அவள் பேசவில்லை. இறந்தவர்மேல் கோபம் வைத்திருக்கக் கூடாது என்று காலையிலிருந்து யார் யாரோ சொல்லிவிட்டார்கள். அவளுக்குக் கோபம் அப்படியேதான் இருந்தது.

ஆனால் ஏழுமேல் இருந்தது வேறு கோபம். நான்கு வருடத்துக்கு முன்னால், புதிய கியர்பாக்ஸுக்கு அப்பா நாலு மார்க் போட்டார். எண்ணெய் சூடேறிவிட்டால், இரண்டாவது கியரிலிருந்து மூன்றுக்குப் போகும்போது ஒரு இடி இடிக்கிறது, இன்னும் ஆறு மாதம் வேண்டும் என்றார். வெளியீட்டுத் தேதி குறித்தாகிவிட்டது. கூட வந்த தலைவர் நோட்டில் கையெழுத்துப் போடவில்லை. மறுநாள் விடிந்ததும், வண்டி சூடாகும் முன்பே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, தனித்தாளில் ஏழு என்று எழுதி அனுப்பிவிட்டார். கியர்பாக்ஸ் வெளியே போனது. அப்பா ஆவண அறைக்குப் போனார். முந்தாநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்ததும் அங்கேதான்.

வாசலில் கம்பெனி வேன் நின்றிருந்தது. காலையிலிருந்து ஏசி ஓட, இன்ஜின் அணையாமல் வெயிலில் நின்றிருந்தது.

"நம்ம வண்டியிலயே கொண்டுபோறதுதான் மரியாதைன்னு ஏற்பாடு பண்ணினேன்," என்றார் ஏழு.

அம்மா அவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நாலு வருஷமா ஃபைலுக்கு லேபிள் ஒட்ட வச்சீங்க. இப்ப மரியாதை ஞாபகம் வந்துடுச்சா?" என்றாள். பிறகு உறவினர் காரில் ஏறிக் கதவை அடைத்துக்கொண்டாள்.

ஏழு மகளிடம் வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"இந்த நேரத்துல கேக்கக் கூடாதும்மா. ஆனா அப்பாகிட்ட ஒரு நோட்டு இருந்துச்சு. கம்பெனி சொத்து. அடுத்த வாரம் ஒரு விசாரணை இருக்கு, அந்தக் கியர்பாக்ஸைப் பத்தி நிறைய புகார் வந்திருக்கு. அது வெளியில எங்கேயாவது போனா சிக்கல்."

"யாருக்கு சிக்கல்?"



நோட்டு அவள் தோள்பையில்தான் இருந்தது. அப்பா நாலு என்று சொன்னதற்கு உலகத்தில் வேறு சாட்சி கிடையாது. கொடுத்துவிட்டால் அவர் சொல்லவே இல்லை என்றாகிவிடும். அவள் சூடேறி நின்ற வேனைப் பார்த்தாள்.

"தரேன்," என்றாள். "கடைசிப் பக்கத்துல ஒரு கையெழுத்து பாக்கி இருக்கு. வண்டியில ஏறுங்க. மார்க்கை எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டு வாங்கிக்கங்க."

அவர் கொஞ்சம் யோசித்தார். ஒரு எண், ஒரு கையெழுத்து. அவருக்கு அது கைவந்த வேலை. ஏறினார்.

பின்னால் பெட்டி நடுவில் இருந்தது. இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவர். வேறு இடமில்லாததால் இருவர் முழங்காலும் பெட்டியில் இடித்தன. வேன் சந்திலிருந்து மெல்ல ஊர்ந்து வெளியே வந்தது. அவள் நோட்டை விரித்து, பெட்டி மூடியின்மேல் வைத்து அவர் பக்கம் தள்ளினாள். அப்பாவின் குண்டு எழுத்து. 'எண்ணெய் சூடு. 2–3. தண்ணீர் கொட்டிவிட்டது. மார்க் 4.' பக்கத்துக் கட்டம் காலி.

"உங்கப்பா நல்ல வேலைக்காரர்," என்றார் ஏழு. "பிடிவாதம்தான் ஜாஸ்தி. அவருக்கு எதுவும் பத்தாது."

"எனக்கும் ஆறுக்கு மேல போட்டதில்ல. நீங்க எழுதுங்க."

அவர் பேனாவைத் திறந்தார். எண்ணின் மேல் கோட்டை இழுத்தார். கீழே சாய்த்து இறக்கத் தொடங்கினார். ஏழுதான் என்று அவளுக்குத் தெரிந்தது. அந்த நேரம் வேன் பெரிய சாலைக்கு ஏறி வேகமெடுத்தது.

இடித்தது. பெட்டி ஒரு சாண் நகர்ந்து அவர் முழங்காலில் மோதியது. பேனா தாளைக் குறுக்கே கிழித்துக்கொண்டு அப்பாவின் நாலுவரை போய் நின்றது.

"பிடிச்சுக்கங்க," என்றார் ஓட்டுநர், திரும்பாமலே. வெளியிலிருந்து கூலிக்கு அமர்த்தப்பட்டவர், பின்னால் இருப்பது யாரென்று அவருக்குத் தெரியாது. "ஸ்பீடு எடுக்கறப்ப ஒரு இடி இடிக்கும். இந்த மாடல் எல்லாமே இப்படித்தான். பழகிடும்."

அவள் நோட்டை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். அவர் கேட்கவில்லை. பேனா மூடியைத் தேடுவதுபோல் வெகுநேரம் கீழே குனிந்திருந்தார்.

நாற்சந்தியில் சிவப்பு விளக்கு. வேன் நின்றது. பக்கத்து ஸ்கூட்டரில் இருந்தவர் உள்ளே பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

பச்சை விழுந்தது. ஓட்டுநர் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவே இல்லை. அதற்குள் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தவரின் இரண்டு கைகளும் பெட்டியை அழுத்திப் பிடித்திருந்தன.